ஒன்பது நிமிடத்தை நான்கு மணி நேரமாக்கிய இக்ராம்

எங்கள் ஊரான கோட் மெஹ்ராப்பில், சிவில் கோர்ட்டின் தெற்கு வாசலுக்கு வெளியே பதினோரு தகரக் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. மூன்றாவது இக்ராம் இலாஹியுடையது, நான்காவது என்னுடையது. நான் முத்திரைத்தாள் விற்கிறேன். அந்தத் தாளின் மேல் ஏறவேண்டிய உண்மைகளையும் பொய்களையும் கணினியில் உருதுவில் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. இரண்டுக்கும் பக்கக் கட்டணம் ஒன்றுதான். முதல் பத்து வருடம் தட்டச்சுப்பொறி, அடுத்த பன்னிரண்டு வருடம் கணினி. ஊரில் யார் யாரை எப்படி ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் அவர் விரல்களுக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாது. அவ்வளவு குறைவாகப் பேசுகிற மனிதர்.

2011-ஆம் வருடக் கோடையில் எங்களுக்கு ஒரு மணி நேரம் கரண்டும் ஒரு மணி நேரம் பொறுமையும் மாற்றி மாற்றி வழங்கப்பட்டன. எந்தெந்த நேரத்தில் நிற்கும் என்ற அட்டவணை செய்தித்தாளில் வரும். கரண்ட் செய்தித்தாள் படிப்பதில்லை. ஒரு மணி நேரம் என்று சொன்னது இரண்டாகும், மூன்றாகும், தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தால் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆள் வரும்வரை ஆகும். நாற்பத்தேழு டிகிரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து நாட்டின் முன்னேற்றம் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

இக்ராமிடம் ஒரு யூ.பி.எஸ். இருந்தது. கணினியோடு வாங்கியது, ரொட்டிப் பெட்டி அளவு. 'முழுப் பாதுகாப்பு' என்று அதன் முகத்தில் தங்க எழுத்தில் எழுதியிருக்கும். கரண்ட் போனதும் அது கீச்சுக் குரலில் அழத் தொடங்கும். ஒன்பது நிமிடம் அழுதுவிட்டுக் கணினியையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அந்த ஒன்பது நிமிடம் எதற்கு என்றால், செய்த வேலையைச் சேமித்துவிட்டு மரியாதையாக அணைப்பதற்கு. பெட்டியைச் செய்தவர்கள், கரண்ட் என்றாவது ஒருநாள் போகும் நாட்டில் வாழ்ந்தவர்கள் போலிருக்கிறது.

ஷமீம் மாயி என்ற பெண்மணி அந்த ஜூன் மாதத்தில் மூன்று தடவை பஸ் ஏறி வந்தார். கால்வாய்க்கு அப்பாலுள்ள கிராமம். அப்பாவின் நிலத்தில் தன் பங்கை அண்ணன்மார் கொடுக்கவில்லை என்று மனு. பதினான்கு பக்கம். முதல் தடவை ஆறாம் பக்கத்தில் கரண்ட் போனது, இரண்டாம் தடவை ஒன்பதாம் பக்கத்தில். மூன்றாம் தடவை பதின்மூன்றாம் பக்கத்தில். ஒன்பதாவது நிமிடத்தில், இக்ராம் சேமித்துக்கொண்டிருந்த அதே வினாடியில் பெட்டியும் போய், கோப்பு முழுவதும் கட்டம் கட்டமாகிவிட்டது. இக்ராம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் கோபப்படவில்லை.

"பரவால்ல பாய். என் அண்ணனுங்க நெலத்தத் தின்னாங்க, உங்க மிஷினு காகிதத்தத் தின்னுது. பசியெடுத்தவங்களுக்கு நடுவுல வந்து மாட்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.

அன்று சாயங்காலம் இக்ராம் யூ.பி.எஸ். பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே தங்க எழுத்துக்குத் தக்க எதுவும் இல்லை. ஒரு செம்புக்கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர், ஒரு பச்சைத் தட்டு, செங்கல் அளவில் ஒரு சின்ன பேட்டரி. அவருக்கு மின்சாரம் படிப்பில் வந்ததில்லை. ஆனால் பேட்டரியின் மேல் பன்னிரண்டு வோல்ட் என்று எழுதியிருந்ததைப் படிக்கத் தெரிந்தது. அவருடைய மைத்துனர் அஸ்கரின் சுசூகி வேனில் இருப்பதும் பன்னிரண்டு வோல்ட்தான், அளவில் பதினான்கு மடங்கு. சின்னச் செங்கல் ஒன்பது நிமிடம் தந்தால் பெரியது எவ்வளவு தரும் என்று என் முத்திரைத்தாள் பதிவேட்டின் பின்னட்டையில் கணக்குப் போட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வந்தது. பெரிய பேட்டரியை நிதானமாக உறிஞ்சினால் இன்னும் அதிகமாகவே தரும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

கணக்கு சரி. மீதி எல்லாம் தப்பு.

மறுநாள் அஸ்கர் வேனை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் அதன் பேட்டரி எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மேஜை விளக்கு ஒயரால் அதைப் பெட்டியோடு இணைத்தார். பத்தாவது நிமிடத்தில் ஒயர் மெழுகுபோல் உருகி மேஜையில் ஒட்டிக்கொண்டது. சரி, தடித்த ஒயர் வேண்டும் என்று வெல்டிங் கடையில் கேட்டு வாங்கி வந்தார். இந்தத் தடவை சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன. 'டப்' என்று ஒரு சத்தம், பச்சைத் தட்டிலிருந்து கொஞ்சம் புகை. அஸ்கர் வந்து பேட்டரியையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். வேன் கிளம்பாமல் நின்றதால் வாடகைக்கு வந்த கல்யாண கோஷ்டி வேறு வண்டி பிடித்துப் போயிருந்தது.

"மச்சான், நீங்க காகிதம் அடிக்கிறவரு. ஏன் இப்படி எல்லாத்தையும் அடிக்கறீங்க?" என்றார்.

இக்ராம் விடவில்லை. சொந்தமாக ஒரு வேன் பேட்டரியும், பழைய சாமான் கடையில் செத்துப்போன யூ.பி.எஸ். இரண்டும் வாங்கி, ஒன்றின் உறுப்புகளை மற்றதில் பொருத்தினார். அடுப்பில் வைத்தாலும் உருகாத ஒயர், நடுவில் ஒரு ஃபியூஸ், சிவப்பு பேனாவால் கொட்டை எழுத்தில் 'சிவப்பு'. இருபத்தைந்து நிமிடம் ஒழுங்காக ஓடியது. முப்பதாவது நிமிடம் அதன் மேல் தேநீர் வைத்துச் சூடாக்கலாம் போலிருந்தது. ஒன்பது நிமிடம் உழைக்கச் செய்த டிரான்ஸ்பார்மரிடம் முழுநாள் கூலி வேலை வாங்கினால் அதற்கும் வியர்க்கும் அல்லவா. அதனால் பெட்டியில் இரண்டு பெரிய ஓட்டைகள் போட்டு, செத்த கணினிகளிலிருந்து எடுத்த இரண்டு குட்டி மின்விசிறிகளை மாட்டினார். கோர்ட்டில் நீதிபதிக்கே மின்விசிறி ஓடாத நேரத்தில் இக்ராமின் பெட்டிக்கு இரண்டு ஓடின.

அடுத்த வியாதி வேறு. ஒரு வாரத்தில் பெரிய பேட்டரி சோர்ந்து படுத்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த சார்ஜர் சின்னச் செங்கலுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் காட்டப் பிறந்தது. அதை வைத்து இந்த யானையின் தாகத்தைத் தீர்க்க மூன்று நாள் இடைவிடாத கரண்ட் வேண்டும். மூன்று நாள் இடைவிடாத கரண்ட் இருந்தால் யூ.பி.எஸ். எதற்கு? ஆகவே பேட்டரிக் கடையில் தனியாக ஒரு பெரிய சார்ஜர் செய்து வாங்கினார். பேட்டரி வாயு விடும் என்று கடைக்காரர் எச்சரித்ததால், அதைக் கொட்டகைக்கு வெளியே நிழலில் ஒரு மரப்பெட்டியில் வைத்தார். கடைசியாக அந்தக் கீச்சுக் குரல். நான்கு மணி நேரம் அது அழுதால் வரிசையில் கொலை விழும் என்று நாங்கள் பத்துப் பேரும் மனுக் கொடுத்தோம். அதை அடித்ததும் அவர்தான். நாணயம் அளவிலிருந்த அந்தக் கீச்சானைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதற்குப் பதில் முள் காட்டும் ஒரு சின்ன மீட்டரைத் தொங்கவிட்டார். முள் ஒரு கோட்டைத் தொட்டால் சேமித்துவிட வேண்டும்.

ஜூலை முடியும்போது நான்கு மணி நேரம் ஓடியது. ஷமீம் மாயியின் பதினான்கு பக்கமும், இடையில் இரண்டு தடவை கரண்ட் போய் வந்தபோதும், ஒரே உட்காரலில் முடிந்தது. அவர் காகிதங்களைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு பெட்டியை ஒரு நிமிடம் பார்த்தார். அதற்கு சலாம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாற்போலிருந்தது. சொல்லாமலே போனார்.

அதற்குப் பிறகு இக்ராமுக்குப் புகழ் வந்தது. புகழ் என்றால் என்ன, இலவசமாக வேலை கேட்பவர்களின் கூட்டம். தெருவில் வேறு கணினிகள் இருந்தன, ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு உயிரோடு இருந்தது இவருடையது ஒன்றுதான். வருகிறவர்கள் மனுவை விட்டுவிட்டு மேஜைக்கடியில் குனிந்து பார்த்தார்கள். அந்த வருடக் கடைசிக்குள் பதினேழு பேருக்குச் செய்து கொடுத்திருப்பார். பொருளுக்கான விலையும், அதற்கு மேல் ஒரு கிலோ சோஹன் அல்வாவும் வாங்குவார். ஒவ்வொருவரிடமும் மனப்பாடமாக ஒப்பிப்பார்: கணினி மட்டும், ஒரு சின்ன விளக்கு. கூலர் கூடாது, இஸ்திரிப்பெட்டி கூடாது, கெட்டில் கூடாது, விசிறி ஓட்டையை மூடக் கூடாது, ஃபியூஸ் போனால் என்னிடம் வரவேண்டும். எல்லோரும் மருந்துக் கடைக்காரர் சொல்வதைக் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டார்கள்.

பன்னிரண்டாவதாக வாங்கியவர் மலிக் ஸஃப்தர் வக்கீல். எங்கள் பாரில், அதாவது வக்கீல் சங்கத்தில், மூத்தவர். நாற்பது வருட அனுபவம் என்பார். அதில் முப்பத்தைந்து வருடம் ஒத்திவைப்பு வாங்கியதில் கழிந்தது. அவருடைய அறை கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருக்கிறது. பெட்டி அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரமே மலிக் சாகிப்புக்கு அதன் தோற்றம் பிடிக்கவில்லை. ஓட்டை போட்ட தகரம் கட்சிக்காரர் கண்ணில் படுவது கௌரவக் குறைவு. கண்ணாடிச் சில்லு தைத்த சிந்தி மேஜைவிரிப்பு ஒன்றை அதன் மேல் போர்த்தி, மேலே வழக்குக் கட்டுகளை அடுக்கிவைத்தார். இரண்டாவது வாரம் ரூம் கூலரை அதில் செருகினார். ஃபியூஸ் போனது. மூன்றாவது வாரம் அறையில் புகை வந்தது. விரிப்பு எரிந்தது, அதன் மேலிருந்த மூன்று வழக்குக் கட்டுகளும் எரிந்தன. அவற்றில் ஒன்று பத்தொன்பது வருடமாக அவர் முடியவிடாமல் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட வழக்கு. தீயால் அந்த வழக்குக்குத்தான் நிம்மதி.

மலிக் சாகிப்பின் முன்ஷி, அதாவது குமாஸ்தா, பஷாரத் என்பவர் நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் ஓட்டை. தீப்பிடித்து ஆறு நாள் கழித்து மத்தியானம் இக்ராமின் கொட்டகைக்கு வந்தார். கையில் மலிக் சாகிப் எழுதிய மூன்று பக்க வரைவு. கரண்ட் இல்லை. கூலிக்கு அடித்துக் கொடுக்கத் தெருவில் வேறு பெட்டி இல்லை. வெட்கத்தோடு தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார். இக்ராம் திருப்பிப் பார்த்தார். ஏமாற்றுக்காரனான இக்ராம் இலாஹி என்பவருக்கு வக்கீல் நோட்டீஸ். தரமற்ற, ஆபத்தான கருவியை விற்று மோசடி செய்ததற்கு நஷ்ட ஈடு. பதினைந்து நாள் கெடு.

நான் பக்கத்துக் கொட்டகையில் முத்திரைத்தாள் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இக்ராம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். அரைப் பக்கம் ஆனதும் நிறுத்தினார்.

"முன்ஷி ஜி, 'மோசடிக்காரன்'னு ஒரே பக்கத்துல நாலு எடத்துல வருது. ஒரு தடவ போட்டா போதாதா?"

"சாகிப் எழுதிக் குடுத்தது பாய். நான் என்ன பண்ண?"

"சரி, நாலும் இருக்கட்டும். ஆனா ரெண்டாவதுல எழுத்துப் பிழை இருக்கு. சரி பண்ணட்டா?"

"பண்ணுங்க" என்றார் பஷாரத். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்க அப்பா பேரு என்ன பாய்? சாகிப்புக்குத் தெரியல, காலியா விட்டிருக்காரு."

இக்ராம் சொன்னார். தன் கையாலேயே அடித்தார். நோட்டீஸ் எந்தத் தடங்கலும் இல்லாமல், மேஜைக்கடியில் ஓடிய அந்தத் தரமற்ற, ஆபத்தான கருவியின் தயவில், இருபது நிமிடத்தில் அச்சாகி வந்தது. பஷாரத் பக்கக் கட்டணத்தைக் கொடுத்தார், ரசீது கேட்டார், வாங்கிக்கொண்டார். பிறகு நோட்டீஸின் ஒரு பிரதியை அங்கேயே இக்ராமிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். தபால் செலவு மிச்சம்.

அதுவரை சிரிப்பாக இருந்தது. அவர் போனபின் இக்ராம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு என்னிடம், இருபத்திரண்டு வருடத்தில் 'மோசடிக்காரன்' என்ற வார்த்தையை ஆயிரம் தடவையாவது அடித்திருப்பேன், ஒரு தடவைகூட அது யாரைப் பற்றியது என்று யோசித்ததில்லை என்றார். அன்று தேநீர் வேண்டாம் என்றுவிட்டார்.

பதினைந்து நாள் முடிந்ததும் மலிக் சாகிப் வழக்கே போட்டுவிட்டார். மூத்த வக்கீலுக்கு எதிராக வக்காலத்துப் போட எங்கள் பாரில் ஒருவரும் முன்வரவில்லை. எல்லோரும் இக்ராமின் தோளைத் தட்டி, நீதி வெல்லும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அவர் செய்த பெட்டியின் விசிறிச் சத்தம் பின்னால் கேட்கக் கேட்க அதைச் சொன்னவர்களும் உண்டு. இக்ராமின் மனைவி கௌசர் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. நஷ்ட ஈட்டுத் தொகையைக் கேட்டதும், "அந்தாளு எதையோ செருகினதுக்கு நம்ம வீட்ட விக்கணுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அதுதான் பயமாக இருந்தது என்றார் இக்ராம். கடைசியில் பதிலைத் தானே எழுதினார். ஆயிரக்கணக்கான பதில் மனுக்களை அடித்த விரல்களுக்கு வடிவம் தெரியும். தலைப்பு, எண், 'மிகுந்த மரியாதையுடன்', எல்லாம் தானாக வந்தன. ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்: எரிந்த பெட்டியை உள்ளது உள்ளபடி கோர்ட்டுக்குக் கொண்டுவர உத்தரவிட வேண்டும்.

மலிக் சாகிப் ஏழு மாதம் ஒத்திவைப்பு வாங்கினார். ஒரு தடவை வயிற்றுவலி, ஒரு தடவை பார் தேர்தல், ஒரு தடவை அவர் வராததற்குக் காரணமே சொல்லவில்லை, அதையும் கோர்ட் ஏற்றுக்கொண்டது. எட்டாவது மாதம் இளம் வயதில் ஒரு நீதிபதி மாற்றலாகி வந்தார். புதியவர் என்பதால் வழக்குகளை நடத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பெட்டி எங்கே என்று கேட்டார்.

பஷாரத் அதை ஒரு கோணிப்பையில் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார். கறுத்திருந்தது. விசிறி ஓட்டைகளில் மேஜைவிரிப்பின் கண்ணாடிச் சில்லுகள் ஒட்டிக்கொண்டு, அந்த நிலையிலும் கொஞ்சம் மின்னின. மலிக் சாகிப் எழுந்து, கணினியைத் தவிர வேறெதையும் அதில் இணைக்கவில்லை என்று சத்தியம் செய்தார். இக்ராம் நீதிபதியிடம், ஒயர் நடுவிலிருக்கும் ஃபியூஸ் கூட்டைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டார். திறந்தார். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு அங்குல ஆணி இருந்தது.

நீதிபதி ஆணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யார் போட்டது?"

மலிக் சாகிப் கூரையைப் பார்த்தார். அங்கே மின்விசிறி நின்றுபோயிருந்தது. கேள்வி தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டு பஷாரத் கையைக் கட்டி நின்றார்.

"நான்தான் ஹுசூர். கூலர் போட்டா ஃபியூஸ் போயிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இக்ராம் பாய்கிட்ட போனா கூலர் போட்டது தெரிஞ்சிடும்னு சாகிப் சொன்னாரு. ஆணியும் சாகிப்தான் குடுத்தாரு. அவரு நாள்காட்டி மாட்டியிருந்த ஆணி."

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் மலிக் சாகிப் அங்கிருந்த பாதிப் பேருக்கு வக்கீல். வாசலுக்கு வெளியே வந்துதான் சிரித்தோம். சாயங்காலம்வரை.

வழக்கு தள்ளுபடியானது. செலவுத்தொகை எதுவும் இக்ராமுக்கு உத்தரவாகவில்லை. தீர்ப்பில் 'மோசடி நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தது. மோசடி நடக்கவில்லை என்று எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இக்ராம் சொன்னார். எட்டு மாதத்தில் முடி பாதி நரைத்த மனிதருக்கு அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் மனதில் குத்தியது. நானாக இருந்தால் அந்த ஆணியைச் சட்டமிட்டு மாட்டியிருப்பேன். பஷாரத்துக்கு அடுத்த வாரம் வேலை போனது. இக்ராம் அவரைத் தன் கொட்டகையில் மனு எழுத உட்கார வைத்துக்கொண்டார். நன்றாக எழுதுகிறார், உண்மையை மட்டும் அடிக்கடி வடிகட்டவேண்டியிருக்கிறது.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாளே புதிய நீதிபதியின் குமாஸ்தா வந்து நின்றார். கோர்ட் அறைக் கணினிக்கு ஒன்று செய்து தர முடியுமா என்று. இக்ராம் முடியும் என்றார், ஆனால் இனிமேல் வாய்ப்பேச்சு இல்லை. பெட்டி வேண்டுமென்றால் முத்திரைத்தாளில் உறுதிமொழி: கணினியும் சின்ன விளக்கும் தவிர வேறெதுவும் இல்லை, கூலர் இல்லை, கெட்டில் இல்லை, விரிப்பு இல்லை, ஃபியூஸுக்குப் பதில் எந்த வகை உலோகமும் இல்லை. இரண்டு சாட்சிகள். அப்படி முப்பதுக்கு மேல் தாள்கள் என் கடையிலிருந்து போயின. மலிக் சாகிப் மட்டும் வரவில்லை. அவர் ஜெனரேட்டர் வாங்கினார். அந்தப் புகை நேராக எங்கள் வரிசைக்குத்தான் வருகிறது.

இத்தனைக்குப் பிறகும் இக்ராமின் சொந்த வீட்டில் யூ.பி.எஸ். இல்லை. ஊருக்கெல்லாம் செய்கிறவருக்கு வீட்டுக்கென்று செய்ய நேரம் வரவில்லை. கௌசர் கேட்கவும் இல்லை, கோடை விடுமுறை தொடங்கும்வரை. அப்போது கேட்டார். இக்ராம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, எல்லாவற்றையும்விடப் பெரிய பேட்டரி போட்டு, மூன்று விசிறி வைத்து ஒன்று செய்தார். பழக்கதோஷத்தில் உறுதிமொழித் தாளையும் மனைவி முன்னால் நீட்டினார். கௌசர் அதை வாசித்தார். ஆசிரியை அல்லவா, இரண்டு இடத்தில் பிழை திருத்தினார். பிறகு மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, தரையில் நிற்கும் பெரிய மின்விசிறியின் பிளக்கை எடுத்துப் பெட்டியில் செருகினார்.

இக்ராம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வேணும்னா எனக்கு நோட்டீஸ் அனுப்புங்க" என்றார் கௌசர்.

இரண்டு கோடை ஆகிவிட்டது. விசிறி ஓடுகிறது. எப்படி எரியாமல் தாங்குகிறது என்று இக்ராம் மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்க்கிறார், அவருக்குப் பிடிபடவில்லை.